உங்களுக்காக நின்ற ஒரு நிமிடம்

முறைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்ட என் மதினிக்கு,

நீங்கள் போன பிறகு ஊரில் எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "வாயாடி வார்டு மெம்பர்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன அதே வாய்கள்தான். நீங்கள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் தீப்பிடித்து நீங்கள் கருகிப்போன அன்றைக்கே உங்களைத் தெய்வமாக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னும் மதினிதான். அதனால் நல்லது பொல்லாததை உங்களிடம் நேரடியாகச் சொல்கிறேன்.

நம் ஊராட்சி போகப்போகிறது. பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கிறார்கள். ஊரைக் கேட்காமல் சேர்க்கவில்லை, சிறப்பு கிராம சபை கூட்டி முறையாகக் கேட்டார்கள். ஊரும் சரி என்றது. எப்படிச் சொன்னது தெரியுமா? உங்கள் பேரைச் சொல்லி எழுந்து நின்றுதான் சொன்னது. புரியவில்லையா? இருங்கள், சொல்கிறேன்.

கிராம சபை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் வீட்டுப் படிக்கட்டுதான். தண்ணீர் போகிற வாறுகாலை அடைத்துக் கட்டியிருக்கிறது, மழை பெய்தால் தெருவுக்குள் சாக்கடை ஏறுகிறது என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தீர்களே, சொந்த நாத்தனார் வீடு என்றும் பார்க்காமல். நான் மைக்கைப் பிடுங்கி உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்கள் பிறந்த வீட்டைக்கூட விடவில்லை. நீங்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டீர்கள்.

"பேசி முடிச்சிட்டியா பேச்சி? இன்னும் இருந்தா பேசு. அப்புறம் கை தூக்கச் சொல்லலாம்" என்றீர்கள்.

கை தூக்கினார்கள், நான் தோற்றேன். படியை இடித்தார்கள். மூன்று தீபாவளி உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரே வேடிக்கை பார்த்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், என்னைப் பேசவிட்டுத்தான் தோற்கடித்தீர்கள். இனி இந்த ஊரில் யாரை, எங்கே நின்று அப்படித் திட்ட முடியும்? மாநகராட்சியில் ஏரியா சபை என்று ஒன்று உண்டாம். அது எங்கே கூடும், யார் கூட்டுவார்கள் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இது வெறும் பேர் மாறுகிற சங்கதி என்றால் நான் இத்தனை ஆத்திரப்பட மாட்டேன். நம் தெருவுக்குப் பின்னால் ஊராட்சித் தலைவரின் மச்சானுக்குக் கிடக்கிற காலி மனை இருக்கிறதே, அங்கே பட்டாசுக் குடோன் கட்ட அவர்கள் எத்தனை முறை முட்டினார்கள்! அடுப்பு எரிகிற தெருவை ஒட்டி வெடியை அடுக்குவீர்களா என்று ஒவ்வொரு முறையும் சபையில் கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். சபை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததால்தான் அந்த மனையில் இத்தனை நாள் ஆடு மேய்ந்தது. சபை போனால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு இடமில்லை. நூறு நாள் வேலையும் போகும். ஊருக்கு இது நன்றாகவே தெரியும். குடிதண்ணீர்க் குழாயடியில் கேட்டாலும் கம்பெனி வேனுக்குள் கேட்டாலும், சேரக்கூடாது என்றுதான் ஒரே பேச்சு. கை தூக்கச் சொன்னால் தோற்போம் என்று தலைவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதனால் அவர் கை தூக்கச் சொல்லவே இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த பற்றாளர் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் தரையில். உங்கள் போட்டோவை மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள். நாக்கைத் துருத்திக்கொண்டு எடுத்த அந்த ஆதார் கார்டு மூஞ்சி இல்லை, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. அழகாகத்தான் இருந்தீர்கள், வேறென்ன சொல்ல.

முதல் தீர்மானம் உங்களுக்கு இரங்கல். தலைவர் மைக்கைப் பிடித்தார். உங்களைப்போல் ஒரு மக்கள் தொண்டர் இனிப் பிறக்க வேண்டும் என்றார். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நாற்காலி போடக்கூடாது என்று சொன்ன மனிதர்! எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். நின்றோம். பொம்பளைகள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் முன்வரிசையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றது. எனக்கும் கண் கலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த மௌனத்துக்குள்ளேயே கிளார்க் அடுத்த தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார். கோயில் வரவுசெலவு வாசிக்கிற மாதிரி, மூச்சு விடாமல், மெல்லிய குரலில். நான் பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறவள். பக்கத்தில் ஒருத்தி விறுவிறுவென்று வாசிப்பாள், நான் பிழை பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் காது தானாகப் போனது. நமது ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்க இச்சபை சம்மதிக்கிறது, சம்மதிப்பவர்கள் அப்படியே நிற்கலாம், ஆட்சேபம் உள்ளவர்கள் உட்காரலாம் என்று வாசித்தார்.

மதினி, யார் உட்காருவார்கள்? பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. விழுந்தவர்களுக்கும் கால் மடங்கவில்லை. செத்தவருக்காக நிற்கிற நேரத்தில் முதல் ஆளாக உட்காருகிற மானங்கெட்டவர் நம் ஊரில் உண்டா?

நான் உட்கார்ந்தேன்.

"ஏளா பேச்சி, செத்தவுககிட்டயுமா வீம்பு பிடிப்ப? எந்திரி" என்று பக்கத்து வீட்டு மாரியம்மா என் தோளில் குத்தினாள். மெதுவாக அவளிடம் சொல்லப் பார்த்தேன். உஷ் என்று வாயைப் பொத்தினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நாத்தனார் பகை செத்த பிறகும் தீரவில்லை பார் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது.

அண்ணன் முன்வரிசையிலிருந்து வந்தது. கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"உன் படிக்கட்டு வழக்க இங்கனயும் கொண்டாந்துட்டியா? அவளுக்காக ஒரு நிமிஷம் நிக்க முடியாதா ஒன்னால?" என்றது. என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. நான் உதறினேன். விடவில்லை. சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து என்னைத் தூக்கி இறக்கிய அதே கைதான்.

பற்றாளர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு சுற்றுப் பார்த்தார். உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நான் கத்தினேன். ஏமாற்றுகிறார்கள், உட்காருங்கள், உட்காருங்கள் என்று அலறினேன். உங்களுக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பொம்பளைகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். "நல்லா அழு தாயி. இருந்தப்ப பேசாம இருந்துட்ட, இப்பவாச்சும் அழுது தீத்துக்க" என்று மாரியம்மா என் முதுகைத் தடவினாள். அப்புறம் டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். எல்லாரும் உங்கள் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு டீயை வாங்கிக் குடித்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் விஷயம் பரவிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். மறுநாள் விடிந்ததும் வேன் வந்தது, ஏறிப் போனார்கள். சீசன் நேரம், வேறென்ன செய்வார்கள்? நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் ஒருத்தர்கூட ஆட்சேபிக்கவில்லையேம்மா என்றார். நான் ஆட்சேபித்தேன் என்றேன். உட்கார்ந்தீர்களா என்று கேட்டார். உட்கார்ந்தேன், தூக்கிவிட்டார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன், நீங்கள் அங்கே எதற்கு நிம்மதியாக இருக்க வேண்டும்? ஆடு மேய்ந்த மனையில் அஸ்திவாரம் தோண்டியாயிற்று. குடோனுக்கு வாட்ச்மேனாக அண்ணனைப் பேசி வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் போய்க் கேட்டேன், அன்றைக்கு என்னைத் தூக்கும்போது கிளார்க் வாசித்தது உன் காதில் விழுந்ததா என்று. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் நின்னாக. நானும் நின்னேன்" என்றது. தெரிந்துதான் தூக்கியதா, தெரியாமல் தூக்கியதா? உங்களோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தின மனுஷன். உங்களுக்காவது தெரியுமா?

உங்கள் தலைத் திவசம் வருகிறது. தலைவர் தன் செலவில் நடத்துகிறாராம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், அன்னதானம், மௌன அஞ்சலி எல்லாம் உண்டாம். சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸிலேயே போஸ்டர் அடிக்கக் கொடுத்திருக்கிறார். புரூப் என் மேசைக்குத்தான் வந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தானே நானும்.

ஆனால் ஒன்று சத்தியம் பண்ணுகிறேன், மதினி. அன்றைக்கு மைக்கில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஊரே நிற்கும். நான் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் தூக்க வந்தால் கையைக் கடிப்பேன். நாத்தனாருக்கு இன்னும் பகை தீரவில்லை என்று ஊர் பேசட்டும். தீரவில்லைதான். நீங்கள் இருந்து என்னோடு சண்டை போட்டுத் தீர்த்திருக்க வேண்டியது.

இப்படிக்கு,
உங்களுக்காக நிற்க மாட்டாத உங்கள் நாத்தனார்
பேச்சியம்மாள்