தீவின் கதையும் இரண்டாவது சாட்சியும்

2009 மார்ச் 22

அமாயரின் வரலாறு, முதல் அத்தியாயம் முடிந்தது. பதினொரு பக்கம். ஒன்பதாக்க வேண்டும்.

கொப்பன்ஹேகனின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தீவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். விமான நிலையச் சமையலறையில் பதினெட்டு வருடம் தட்டுக் கழுவினேன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் பத்தொன்பது வருடம் செய்தி எழுதியவன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் தட்டு குறைந்திருக்காது. இப்போது ஓய்வு. தமிழ்ச் சங்கத்துக் கிறிஸ்துநாயகம் கேட்டார்: "அண்ணை, நாங்கள் இருக்கிற தீவைப்பற்றி எங்கட பிள்ளையளுக்குத் தமிழில ஒரு புத்தகம் எழுதித் தாங்கோவன்." பிள்ளைகள் தமிழில் படிப்பார்களோ என்று நான் கேட்கவில்லை.

அரசன் ஒருவன் 1521இல் ஒல்லாந்து விவசாயிகளை இங்கே குடியேற்றினான். கரட்டும் வெங்காயமும் வந்தன. அவர்கள் தங்கள் மொழியிலேயே முந்நூறு வருடம் பூசை கேட்டார்கள். பிறகு நகரம் தன் கக்கூஸ் வாளிகளையெல்லாம் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து கொட்டியது. மரண தண்டனை நிறைவேற்றியதும் இங்கேதான். நகரத்துக்கு வேண்டாதது எல்லாம் பாலம் தாண்டி வந்தது.

நாங்களும் வந்தோம். (இந்த வரியை வெட்ட வேண்டும்.)

ஏப்ரல் 9

என் மனைவி கிறேஸின் தம்பி அந்தோனிதாசனிடமிருந்து பெப்ரவரிக்குப் பிறகு தொலைபேசி இல்லை. மட்டக்களப்பில் பிறந்தவன், முல்லைத்தீவில் கல்யாணம் கட்டி, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். கடைசியாக, யுத்தம் நெருக்கிய மாத்தளனிலிருந்து கதைத்தான். மனைவி போன வருடமே செத்துப்போனாள், பிள்ளைகளும் இல்லை. தனி ஆள்.

கிறேஸ் கைத்தொலைபேசியைக் குளிக்கும் அறைக்கும் கொண்டுபோகிறாள்.

ஏப்ரல் 24

இன்று ஊர் ஆவணக் காப்பகம். கிர்ஸ்டன் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர், எழுபத்திரண்டு வயது, அமாயரில் பிறந்தவர். குளோவர்மார்க்கன் படங்களை மேசையில் பரப்பினார். இப்போது பிள்ளைகள் பந்தடிக்கிற வெளி. யுத்தம் முடிந்த 1945இல் அங்கே மரக்கொட்டில்கள், சுற்றிவரக் கம்பிவேலி, உள்ளே பல்லாயிரம் ஜெர்மன் அகதிகள். பெரும்பாலும் பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். வெளியில் நிற்பவர் அவர்களோடு கதைக்கக் கூடாது, சட்டம்.

"நீங்கள் கதைத்தீர்களா?" என்றேன்.

"எனக்கு எட்டு வயது. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் தினமும் ஒரு பெயரையே சொல்லிக் கேட்பாள். அவளுடைய மகனாக இருக்கலாம். எனக்கு ஜெர்மன் தெரியாது. தெரிந்தாலும் பதில் தெரியாது."

பெயரென்ன என்று கேட்டேன். நினைவில்லை என்றார். ஊகித்துச் சொல்லவில்லை. நல்ல சாட்சி.

மே 4

பின்னேரம் எதிர்வீட்டு ஜன்னல்களில் மெழுகுதிரி, 1945இல் ஜெர்மன்காரரின் பிடி விட்ட நாளின் நினைவாக. கிறேஸ் ஒவ்வொரு வருடமும் பார்ப்பவள்தான். இன்று மட்டும் கேட்டாள்: "யுத்தம் முடிஞ்சா இவையள் விளக்கு வைக்கினம். எங்களுக்கு முடிஞ்சா என்ன வைக்கிறது?"

மே 19

ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதாம். ஒன்றும் எழுத வரவில்லை.

மே 23

ஒடென்சே நகரத்திலிருந்து மாமாங்கம் தொலைபேசி எடுத்தார். அந்தோனிதாசனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். முள்ளிவாய்க்காலில் கடற்கரைப் பக்கம் அவன் செத்துக் கிடந்தானாம். இடுப்பில் நீலக்கோட்டுச் சாரம், கையில் வரவு குறிக்கிற பள்ளிக்கூட இடாப்பு.

கிறேஸ் அழவில்லை. "நீங்கள் என்ன சொல்றியள்?" என்று என்னைக் கேட்டாள். என் வழக்கம் அவளுக்குத் தெரியும்: மரணச் செய்திக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த வழக்கத்தால் இரண்டு தடவை என் பத்திரிகை பிந்தியது. ஒரு தடவையும் உயிரோடு இருப்பவரைக் கொன்றதில்லை.

"இன்னொருத்தர் சொல்லட்டும்" என்றேன்.

"என்ர தம்பி உங்களுக்குச் செய்தியோ?"

மே 27

ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து பற்றிமா எடுத்தாள். அந்தோனிதாசனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதே செய்தி: கடற்கரை, நீலக்கோட்டுச் சாரம், இடாப்பு. கிறேஸ் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் அழுதாள்.

மே 31

சங்கத்தின் இதழில் யுத்தத்தில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பெயர். பதினேழாவது அவன். பெயரை நான்தான் கொடுத்தேன். பூசையும் ஒப்புக்கொடுத்தோம். செத்த நாள் தெரியாததால் செய்தி உறுதியான நாளிலிருந்து கணக்கு வைத்து, முப்பத்தொன்றாம் நாள் நினைவு ஜூன் 26 என்று முடிவு. மண்டபம் சொல்லியாயிற்று. கிறேஸ் நன்றாக நித்திரை கொள்கிறாள். நான்கு மாதத்துக்குப் பிறகு.

ஜூன் 11

ஒல்லாந்தர் அத்தியாயத்தைக் கிர்ஸ்டனுக்கு டேனிஷில் வாசித்துக் காட்டினேன். ஒரு தீ விபத்து. இரண்டு புத்தகங்களில் பார்த்து எழுதியது. அவர் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்தார். இரண்டிலும் வருடம் ஒரே மாதிரிப் பிழை. இரண்டிலும் ஒரே உவமை. இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

"உங்களிடம் இருப்பது ஒரே புத்தகம்தான், இரண்டு அட்டையோடு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஐந்தாம் இலக்க பஸ்ஸில் இருந்தபோது சிரிப்பு நின்றது. நீலக்கோட்டுச் சாரம். இடாப்பு. அதே வரிசை, அதே சொல்.

இளம் நிருபர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி: உன் ஆள் கண்டவனோ, கேட்டவனோ? பற்றிமாவிடம் அதைக் கேட்டேனா? இல்லை. ஏன் இல்லை? கிறேஸ் பக்கத்தில் நின்றாள். நானும் களைத்திருந்தேன் — முடியட்டும் என்று இருந்தது. அதுதான் உண்மை.

ஜூன் 12

கிறேஸ் வேலைக்குப் போனபின் பற்றிமாவுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, நீர் ஆரிட்டக் கேட்டனீர்?"

"மாமாங்கம் அண்ணைதான் சொன்னவர். ஏன் அண்ணை?"

மாமாங்கத்துக்கு எடுத்தேன். அவருக்கு வவுனியாவிலிருந்து ஒரு பெடியன் சொன்னது. அவன் கண்டது குப்புறக் கிடந்த ஒரு உடல். முகம் பார்க்கவில்லை. "வாத்தியார் எண்டால் இடாப்பு வச்சிருப்பார்தானே" என்றார் மாமாங்கம்; இடாப்பு அவர் சேர்த்தது. அவரிலே கோபம் இல்லை. அவர் நிருபர் இல்லை.

கிறிஸ்துநாயகத்திடம் இதழில் திருத்தம் போடச் சொன்னேன்.

"அண்ணை, ஒரு பேருக்குத் திருத்தம் போட்டால் மற்ற நாற்பதையும் சனம் சந்தேகப்படும்."

"படட்டும். நாற்பது வீட்டிலயும் கேக்கட்டும்."

இனிக் கிறேஸ். அவள் நித்திரை கொள்ளத் தொடங்கிப் பதினாறு நாள். அவன் செத்தே இருந்தால் நான் அவளை இரண்டாம் முறை அழவைக்கிறேன். சொல்லாமல் விட்டால்? அவன் எங்காவது முகாமில் கம்பிக்குள்ளே இருந்து, தேட ஒருவரும் இல்லாமல் போனால்?

ஜூன் 13

சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்தாள். சமைத்தாள். எனக்குப் போட்டாள்.

ஜூன் 15

காலை, வேலைக்கு இறங்கும்போது கதவடியில் நின்று சொன்னாள்: "என்ர தம்பியை நீங்களே சாக்காட்டினீங்கள். இப்ப நீங்களே எழுப்பிறியள். இனி அவன்ர விசயத்தில ஒண்டும் செய்யாதேங்கோ. நான் தேடுறன்."

ஜூன் 18

முப்பத்தொன்றுக்கு அழைத்த எல்லோருக்கும் கிறேஸே தொலைபேசி எடுத்தாள். ஐம்பது வீடு. "முப்பத்தொண்டு வைக்கேல்லை. ஓம், வைக்கேல்லை. இன்னும் தெரியாது." சிலர் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இஷொய்யில், அண்ணனின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிற ஒருத்தி, "அக்கா, மனசைத் தேத்துங்கோ" என்றாளாம். "மனசை நான் பாக்கிறன், நீர் உம்மட அண்ணையை ஆர் கண்டதெண்டு கேளும்" என்றாளாம் இவள்.

ஜூன் 22

செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதல் படிவம். டேனிஷில் நிரப்ப என்னைக் கூப்பிடவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு தானே எழுதினாள். இரண்டு இடத்தில் பிழை. நான் திருத்தவில்லை.

ஜூலை 30

குளோவர்மார்க்கன் அத்தியாயம் முடிந்தது. கடைசி அகதிகள் 1949இல்தான் வெளியேறினார்கள். நாலு வருடம். கிறேஸ் வாசித்தாள், என் எழுத்தை அவள் வாசித்துப் பல வருடம். "நாலு வருசமோ" என்றாள்.

செப்டெம்பர் 8

அமாயர்புறோ வீதியில் செருப்புக் கடை. வவுனியா முகாமிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் சேர்ப்பித்த அந்தோனிதாசனின் கடிதத்தில் கேட்டிருந்தது ஒரு செருப்பைத்தான்: எட்டாம் இலக்கம், இடது காலுக்கு. எட்டு என்றால் இங்கே நாற்பத்திரண்டு. ஒற்றைச் செருப்பு விற்க மாட்டோம் என்றாள் கடைப்பெண். கிறேஸ் ஒரு சோடி வாங்கினாள்.

வீட்டில் பொதி கட்டும்போது வலதுகால் செருப்பை நான் எடுத்துப் புறம்பாக வைத்தேன். பாரம் குறையட்டும் என்று.

"அதையும் போடுங்கோ" என்றாள். "அங்க வலது கால் மட்டும் இருக்கிற ஒருத்தர் இருப்பார். தம்பி தேடிக் குடுப்பான்."