வண்டியில் ஏறாமல் பினாங்கு போனவர்

மாப்ளே,

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி சந்நிதியில், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் சொல்லுகிறேன். இந்த மடலில் வரப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பக்கூடிய ஒரே ஆள் நீர். கூடவே இருந்தவர். அந்தச் சாட்சியும் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகிவிட்டதால் என்னைத் தட்டிக்கேட்க இனி ஆளில்லை.

நேற்று அந்தக் கோயிலுக்குத்தான் இராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். நான், உமக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி, அவள் மடியில் உம் பேத்தி. பஸ் ஊரைத் தாண்டியிருக்காது, பிள்ளை ஓவென்று வாந்தி எடுத்தது. தங்கச்சி முந்தானையால் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஓமத்திரவ பாட்டிலை எடுத்துத் திறந்தாள். அவ்வளவுதான். அந்த வாசனையில் நீர் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்.

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "யாரக் கொண்டு பொறந்திருக்கு இது?" என்று கேட்டாள்.

"எல்லாம் அவுக தாத்தாவக் கொண்டுதான்" என்றாள் உம் பெண்டாட்டி. அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

உம் வயிற்றின் பெருமையை நான் பாடாத இடமில்லை. இந்த ரோட்டோரத்துப் புளியமரங்கள் இம்புட்டு செழிப்பாக நிற்பதற்குக் காரணமே என் மாப்பிள்ளை வாராவாரம் பஸ்ஸில் மாமியார் வீட்டுக்கு வந்துபோனதுதான் என்று கல்யாண வீடுகளில் சொல்லி முடிப்பதற்குள் நீர் எழுந்து போய்விடுவீர். அப்படிப்பட்ட நீர்தான் ஒருநாள் மில் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியபடி என் கடைக்கு வந்து, "மச்சான், நாகப்பட்டணம் போய்க் கடலுக்குள்ள ஒரு எட்டு பாத்துட்டு வரணும்" என்றீர். எடைபோட்டுக்கொண்டிருந்த பருப்பை நான் சிந்திவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய தை அமாவாசையன்று உம் வீட்டில்தான் இருந்தேன். செத்துப்போன பெரியவர்களுக்கெல்லாம் வரிசையாக இலை போட்டுப் படைத்திருந்தது. உம் அப்பத்தாளுக்கு ஒரு இலை; அதன் பக்கத்தில் வெறும் தரை. அங்கே இலை போட உம் அப்பா விடவில்லை. அந்த இடத்துக்கு உரியவர் உம் தாத்தா; உம் அப்பாவுக்குப் பால்பல் விழாத வயதில் பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர். செத்த சேதி வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே ஒரு சேதிதான்: மம்சாபுரத்து ஆள் ஒருவர் அங்கே ரப்பர் தோட்டத்தில் அவரை வேறொரு பெண்டாட்டி பிள்ளைகளோடு பார்த்தாராம்.

"அப்பா, அவருக்கு இப்ப நூறு வயசுக்கு மேல ஆயிருக்கும்" என்று நீர் மெதுவாக ஆரம்பித்தீர்.

"இருக்கட்டும். அந்த ஆளு செத்தத நீ பாத்தியா? உசுரோட இருக்கவனுக்கு எவனாவது இலை போடுவானா?"

நான் சும்மா இருக்கலாம். இருப்பேனா? "மாமா, இலை போடலன்னா கெழவரு கெளம்பி நேர்லயே வந்துரப் போறாரு."

"வரட்டும். வந்தா நானும் ஒண்ணு கேக்கணும்" என்றார் உம் அப்பா.

அதற்குப் பிறகு எனக்கு வடை இறங்கவில்லை. ஐந்து வடையோடு நிறுத்திக்கொண்டேன்.

கடையில் நின்று நீர் சொன்னதும் அதுதான். "அப்பாவுக்கு நெஞ்சுச் சளி கூடிக்கிட்டே போகுது மச்சான். இந்தக் கோவத்த வச்சுக்கிட்டு அவரு போயிரக் கூடாது. தாத்தா போன வழியில போய் விசாரிச்சா எதாச்சும் தெரியாதா?"

கிளம்பினோம். கொலம்பஸ்கூட அப்படிக் கிளம்பியிருக்க மாட்டான். தங்கச்சி கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஒரு கல்யாணக் கோஷ்டிக்குக் காணும். உமக்கு மட்டும் எலுமிச்சம்பழமும் ஓமத்திரவமும். தாத்தா காலத்தில் நம் ஊர்ப்பக்கம் ரயிலே கிடையாது. இப்போது விருதுநகர் என்கிறார்களே, அந்த விருதுபட்டிவரை மாட்டுவண்டி, பிறகு ரயில், பிறகு கப்பல். நமக்கோ வீட்டு வாசலிலேயே ரயில். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி மாறிப் போனோம். எஞ்சின் கக்கிய கரியெல்லாம் உம் முகத்தில்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஜில்லாக்களைக் கடந்த மனுஷன் நீர் ஒருவர்தான். நடுவில் ஒருமுறை தலையை உள்ளே இழுத்து, "அவரு எந்தப் பக்கத்து ஜன்னல்ல உக்காந்து போயிருப்பாரு மச்சான்?" என்று கேட்டீர். இடப்பக்கம் என்று அடித்துச் சொன்னேன். உடனே அங்கே மாறி உட்கார்ந்துகொண்டீர்.

நாகப்பட்டணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. "எந்தக் கப்பல், எந்த வருஷம்?" என்று துறைமுக ஆபீசில் கேட்டார்கள். இரண்டும் நமக்குத் தெரியாது. கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள் என்று கைகாட்டினார். உடனே நீர், "அங்க வரைக்கும் எங்களக் கூட்டிட்டுப் போறீயளா?" என்றீர். நான் கும்பிட்டுக்கூடப் பார்த்தேன். நீர் கேட்கவில்லை.

வள்ளம் தண்ணீரில் மிதந்ததுதான் தாமதம், நீர் ஆரம்பித்துவிட்டீர்.

"என்னங்க இது, கயிறே இன்னும் அவுக்கல" என்றார் படகுக்காரர்.

திரும்பி வரும்போது ரயிலில் நீர் வாயே திறக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறோம் என்கிற கவலை. அதனால் உம் வீட்டு வாசலை மிதித்ததும் நான் திறந்தேன். நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உம் அப்பாவுக்கு முன்னால் நின்று அளந்தேன். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு இரண்டு நிலை கூடுதலாக ஓர் அலை எழும்பியது. நீர் எடுத்த வாந்தியில் மீன்கள் மயங்கி மிதந்தன. ஒரு திமிங்கிலம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிலோன் பக்கம் ஓடியே போனது. நீர் கடலைப் பார்த்து 'தாத்தா' என்று போட்ட சத்தத்துக்குப் பினாங்கில் ஒரு கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு 'என்னலே?' என்று கேட்டார்.

தங்கச்சி சிரித்தாள். அக்கம்பக்கம் சிரித்தது. உம் அப்பா சிரிக்கவில்லை.

"வாந்தி எடுத்தானா?" என்று கேட்டார்.

"படகு நகரவே இல்ல மாமா, அதுக்குள்ள எடுத்துட்டாரு. அது சத்தியம்."

உம் அப்பா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, நம் யாரிடமும் இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "விருதுபட்டிக்கு வழியனுப்ப என்னயும் வண்டியில கூட்டிட்டுப் போனாங்க. நான், அம்மா, மூட்டையெல்லாம் வண்டிக்குள்ள. அவரு ஏறல. வண்டிச் சக்கரத்தப் பிடிச்சபடி ராத்திரி பூராம் நடந்தே வந்தாரு. ஏம்ப்பா ஏறலன்னு கேட்டேன். வண்டி குலுங்குனா வயித்தப் பொரட்டுதுலே, நீ படுத்துக்கன்னாரு."

தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"மாட்டுவண்டி தாங்காத மனுசன். எம்புட்டு நாள் அந்தக் கப்பல்ல கெடந்தாரோ. திரும்பி ஒருவாட்டி ஏற உடம்பு துணிஞ்சிருக்காது" என்றார் உம் அப்பா. மம்சாபுரத்து ஆள் சொன்ன சேதி பொய்யென்று அவர் சொல்லவில்லை. அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவுமில்லை.

அடுத்து வந்த ஆடி அமாவாசையில் உம் அப்பத்தாளின் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை விழுந்தது. தங்கச்சி வடையும் பாயாசமும் எடுத்து வந்தபோது மாமா கை காட்டித் தடுத்தார். "அவியளுக்கு அதெல்லாம் வேண்டாந்தாயி. கொஞ்சம் ரசஞ்சோறு வையி. ஓரத்துல ஒரு நார்த்தங்காத் துண்டு. அம்புட்டுப் போதும், வயித்துக்கு ஆகாது." நீர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டீர். அழுதீரா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா இரண்டு மழைக்காலம் இருந்தார். அமைதியாகத்தான் போனார். தொண்ணூறுகள் முடிவதற்குள் நீரும் கிளம்பிவிட்டீர். தூரம் தொலைவு ஆகாத உடம்பு உமக்கு, எப்படித்தான் துணிந்தீரோ. போன அமாவாசைக்கு உம் மகன் எல்லா இலைக்கும் ஒரேமாதிரி பரிமாறிக்கொண்டு வந்தான். உம் இலைக்கு வந்ததும் தங்கச்சி வடையை எடுத்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

இந்தக் கதையை உம் பிள்ளைகள், என் பிள்ளைகள், இப்போது பேரன் பேத்திகள் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அலை ஒரு நிலை உயரும். திமிங்கிலம் இப்போது குடும்பத்தோடு ஓடுகிறது. இதுகள் ஒரு வார்த்தைகூட நம்புவதில்லை. "மாமா, அந்தத் தாத்தான்னு கத்துனதையாவது விட்ருங்க, ரொம்ப ஓவரு" என்கிறான் உம் மகன்.

அலையும் திமிங்கிலமும் பினாங்குக் கிழவரும் என் கைச்சரக்குதான், ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் மாப்ளே, கப்பல் நின்ற இடம் இதுதான் என்று படகுக்காரர் காட்டியதும் நீர் போட்ட அந்தக் கூப்பாடு நிஜம். சத்தமாகக்கூட இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடியே, பக்கத்து அறையில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல "தாத்தா" என்றீர். படகுக்காரர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும் பேசாமல் இருந்தோம், பதில் வர நேரம் கொடுப்பதுபோல.