இறக்கைக்குள் ஒரு கை

ஹோல்ம்கிரீக், விஸ்கான்சின்
மே 6, 1990

அன்புள்ள டுவேன்,

நலம்தானே? பிழைப்புக்கு நீ ஏறிய இரும்புத்தாதுக் கப்பலின் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஆலையில் வேலைநிறுத்தம் முடிகிற வழியாக இல்லை. வாசலில் நம் ஆட்கள் நிற்கிறார்கள். நமக்குப் பதிலாக வேலை செய்யக் கருங்காலிகளை ஏற்றிய பேருந்து அவர்களை உரசிக்கொண்டு உள்ளே போகிறது.

ஒரு நல்ல செய்தி. கராஜில் நாம் கட்டுகிற விமானத்தின் இடது இறக்கையைத் தகடு வைத்து, ரிவிட் அடித்து மூடிவிட்டேன். மூடுவதற்கு முன் விமானம் கட்டுவோர் சங்கத்து ஹார்லன் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "இதுல ஏறி நீ சாவமாட்ட. ஸ்ட்ரைக்குலதான் சாவ" என்றான்.

உன் ஆர்லிஸ்


டுலூத் துறைமுகம்
மே 15

அன்புள்ள ஆர்லிஸ்,

சந்தோஷம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. வெளியே ஒருவர் ரிவிட் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்தால்தான் ரிவிட் உட்காரும். வால் பகுதி முழுக்க உள்ளே கைவிட்டுப் பிடித்தவன் நான். இறக்கைக்கு யார் பிடித்தது?

உன் டுவேன்


ஹோல்ம்கிரீக்
மே 22

அன்புள்ள டுவேன்,

எத்தனை வாரம் கழித்து எழுதுகிறாய், "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இல்லையே. யாரும் பிடிக்கவில்லை. கையால் நசுக்கும் இடுக்கியை வைத்து நானே முடித்தேன்.

உன் ஆர்லிஸ்


டுலூத்
மே 30

ஆர்லிஸ்,

அந்த இடுக்கி ஓரத்து வரிசைக்குத்தான் எட்டும். நடுவில் எட்டாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான்.

கப்பல் சமையல்காரனிடம் சொன்னேன். "எவனோ உன் கராஜுல உக்காந்து உன் காபியக் குடிக்கிறான்டா" என்று சிரித்தான். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஹார்லனாக இருக்காது, அவன் கை என் தொடை மாதிரி, இறக்கையில் கைவிடும் ஓட்டைக்குள் நுழையாது. அப்படியென்றால் மெலிந்த கைக்காரன் எவன்? பெயரைச் சொல். எவனாக இருந்தாலும் கத்துவேன், குடிப்பேன், பிறகு மன்னித்துவிடுவேன். பொய் மட்டும் வேண்டாம்.

டுவேன்


ஹோல்ம்கிரீக்
ஜூன் 7

அன்புள்ள டுவேன்,

பிடித்தது உன் தங்கை வெர்னா.

அவளோடு யாரும் பேசக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறது. அதனால்தான் மறைத்தேன். வேலைநிறுத்தத்தை மீறி ஆலைக்குள் போனவன் அவள் புருஷன் லாய்ல். அவள் போகவில்லை. ஆனாலும் ஊர் அவளையும் ஒதுக்கிவைத்திருக்கிறது. பின்பக்கமாக வந்து நின்றாள். "கடையில மிச்சக் காசக்கூட கையில தரமாட்டேங்கிறாங்க, ஆர்லிஸ். மேசையில தள்ளி விடுறாங்க. எதாவது வேலை குடு. நீ பேசக்கூட வேணாம்" என்றாள்.

அப்படியேதான் பேசாமல் செய்தோம். நன்றாக உட்கார்ந்தால் உள்ளிருந்து ஒரு தட்டு, சரியில்லை என்றால் இரண்டு தட்டு. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கோபப்படு. ஆனால் வீட்டுக்கு வந்து கோபப்படு.

உன் ஆர்லிஸ்


டுலூத்
ஜூன் 14

ஆர்லிஸ்,

வேறு எவனாவது என்றால் பொறுத்திருப்பேன். கருங்காலி வீட்டுக் கை பட்ட எதுவும் என் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. ரிவிட்டுகளைத் துளைத்து எடு, தகட்டைப் பிரித்துப் போடு. அதுவரை நான் அங்கே வரமாட்டேன்.

டுவேன்


ஹோல்ம்கிரீக்
ஜூன் 23

டுவேன்,

பிரிக்கமாட்டேன். கோணலாக உட்கார்ந்த ரிவிட்டைத்தான் துளைத்து எடுப்பார்கள். இதில் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

உன் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். பேருந்து அனுப்பிய முதலாளி மேல், நம் வேலையை வேறொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தவன் மேல். எனக்கும் அதே கோபம்தான். கையில் போராட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் இந்த வாரமும் நின்றேன். ஆனால் அவன் வீட்டு மதிலைக்கூட உன்னால் தொட முடியவில்லை. தங்கையைத் தொட முடிகிறது. நான் எவனோடாவது படுத்திருந்தால் மன்னித்திருப்பாய், உன் தங்கையோடு வேலை செய்ததை மன்னிக்க முடியவில்லை.

நேற்று வெர்னாவும் நானும் வலது இறக்கையைத் தொடங்கினோம். இப்போது கராஜ் கதவைத் தெரு பார்க்கத் திறந்துவைத்துத்தான் அடிக்கிறோம். ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். போகட்டும்.

உன் துணிகளைப் பெட்டியில் கட்டித் துறைமுக முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். கம்பளிச் சட்டை மேலாகவே இருக்கிறது. ஏரிக் காற்றுக்குப் போட்டுக்கொள்.

ஆர்லிஸ்