புருஷன் கையெழுத்து

குள்ளஞ்சாவடி,
6-6-1966

அன்புள்ள மாமாவுக்கு,

சாமியம்மாள் வணங்கி எழுதுவது. அண்ணன் வூட்டுல உயிரோட இருக்கேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டு ஷிப்டுக்குப் போங்க. பெல்ட்டால அடிச்ச முதுகு தடிச்சி வீங்கிக்கினு இருக்குது, மல்லாந்து படுக்க முடியல.

"எவன் குடுத்த சீக்குடி"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சீங்களே, டாக்டரம்மா சொன்னதைக் காதுல வாங்கினீங்களா? ரத்தம் படுதுன்னு போனதுக்கு, கடலூர் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை வாயைத் தொடைச்சி, கண்ணாடியில தடவி மெட்ராசுக்கு அனுப்பினாங்க. அதுல கோளாறு தெரியுதாம். இன்னும் புத்துநோய் இல்லை, அப்படியே விட்டா ஆகலாமாம். கெட்ட சதையை இப்பவே வெட்டி எடுத்துட்டா பொழைச்சிக்குவேன். அதுக்குப் புருஷன் கையெழுத்து வேணுமாம். காகிதத்தை இதோட வெச்சிருக்கேன்.

உங்க மூத்த சம்சாரம் கனகம் அக்காளும் இப்படி ரத்தம் போய்த்தான் செத்தாங்க. அவங்களையும் அடிச்சீங்களாமே. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க மாமா. எனக்குச் சாக மனசில்லை.

உங்கள்
சாமியம்மாள்

நெய்வேலி,
9-6-1966

சாமியம்மாளுக்கு,

காகிதத்தைக் கிழிச்சி அடுப்புல போட்டாச்சு. ஒழுங்கான பொம்பளைக்கு அந்த எடத்துல சீக்கு வருமாடி? செத்தவளை இழுத்தா நாக்கை அறுத்துடுவேன். மைன்ஸ்ல கூட வேலை செய்யறவன்லாம் சிரிக்கிறான். ஞாயித்துக்கிழமை வந்து மயிரைப் புடிச்சி பஸ்ல ஏத்தறேன். உங்கண்ணன் குறுக்க வந்தா அவனையும் தொலைச்சிடுவேன். கையெழுத்தும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.

சக்கரபாணி

கடலூர் ஆஸ்பத்திரி,
20-6-1966

சக்கரபாணிக்கு,

புருஷன் பேரைச் சொன்னா நாக்கு அழுகிடும்னாங்க. எழுதிட்டேன், ஒண்ணும் ஆகல.

சொன்னபடியே ஞாயித்துக்கிழமை வந்தே. செங்கல்லால அண்ணன் மண்டையை உடைச்சே. என் முடியைப் புடிச்சி வாசல் வரைக்கும் இழுத்து, "இங்கதானே சீக்கு"ன்னு அடிவயித்துல மிதிச்சே. கைக்கு உலக்கை ஆப்புட்டுது. உன் வலது கையில ஒரே போடு! எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. பாவம்னு தோணல. நல்லா வேணும்னுதான் தோணிச்சி.

இங்க வேற காகிதம் குடுத்து, "புருஷன் கையெழுத்து எங்கம்மா?"ன்னு நர்சம்மா கேட்டாங்க. "அவருக்கு வலது கை முறிஞ்சி கட்டுப் போட்டிருக்குதுங்க"ன்னேன். பொய்யில்லையே! டாக்டரம்மா என் முதுகைத் திருப்பிப் பார்த்தாங்க. "நீயே போடும்மா"ன்னு பேனாவை நீட்டினாங்க.

போட்டேன். கெட்ட சதையை எடுத்தாச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்து காட்டணுமாம். வருவேன். உன் வூட்டுக்குத்தான் வரமாட்டேன்.

சாமியம்மாள்