சேமித்தால் அணையும் கம்ப்யூட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். வீடியோ காலில் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு வாரமாக ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டது. சின்ன ஃபைல்களை ஒழுங்காகச் சேமிக்கும். பெரிய கட்டட வரைபடத்தைச் சேமித்தால் மட்டும் அப்படியே அணைந்துவிடும். மூன்று நாள் வேலை போயிற்று. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

நேற்று ரிப்பேர்க்காரர் வந்தார். "உள்ள இடமே இல்லம்மா. இது என்ன, நூத்திப் பத்து வீடியோ?" என்று ஒன்றைத் திறந்தார். திரை முழுக்க உன் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும். "சாப்பிட்டியாடி?" என்ற உன் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. நாம் பேசுவதையெல்லாம் பதிந்து, என் போன் நிரம்பியதும் அங்கே ஏற்றி வைத்திருந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணுங்க" என்றுவிட்டுப் போனார் மேனேஜர். அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. வேலையும் தப்பியது.

மேனேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஞாயிறன்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி அம்மா. அழிக்கும் முன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நூற்றுப் பத்தில் ஒன்றில்கூட உன் முகம் முழுதாக இல்லை.

உன் மகள்