நீர்நாய்க்கு வைத்த மீன்

3-5-1992, சோழபுரம்

இன்றும் கண்மாய்க்கரையில் பாதி கடித்த விரால். மீன் குத்தகை எடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு நீர்நாய்தான் எதிரி. மலையிலிருந்து ஓடை வழியாக இறங்கி, குட்டிகளோடு நாணலுக்குள் கிடக்கிறது. "ஒண்ணுவிடாம கொன்னு போடுதேன் பாரு" என்கிறார். தாய் தண்ணீருக்குள் முங்கினால் குட்டிகள் கீச்கீச்சென்று அழுவதை நான் பார்த்திருக்கிறேன். எப்படித்தான் மனசு வருகிறதோ இந்த மனுஷனுக்கு!

8-5-1992

செத்த கெண்டைகளின் வயிற்றில் பருத்திக்கு அடிக்கும் மருந்தை வைத்து, கரையோரம் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

9-5-1992

எந்த நீர்நாயும் சாகவில்லை. தானே உயிரோடு பிடித்த மீனைத் தவிர வேறெதையும் அது சீண்டுவதில்லை போலிருக்கிறது. இவர் போட்டதையெல்லாம் விடிந்ததும் பொறுக்கப் போனார் — இரண்டு கெண்டைகளைக் காணோம்.

இன்று பார்த்தா? குத்தகைக்காரரான இவர் பிடித்தது போக மிச்ச மீனை ஊரே இறங்கிப் பிடிக்கும் நாள். நாட்டாமை துண்டை வீசினால் எல்லோரும் இறங்கலாம்; அதுதான் பாக்கி. கூடையோடு சனம் கரையில் காத்திருக்கிறது. யார் எடுத்தார்கள்?

"சொல்லிருங்க" என்றேன்.

"சொன்னா ஊரு என்னைய உரிச்சிரும். வாயை மூடுட்டி."

மூடவில்லை. கரையில் ஏறிக் கத்திவிட்டேன். கூட்டத்தில் நின்ற கருத்தம்மாள் கூடையை எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே நான். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அவள் மருமகள் உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்குகிறாள் — தட்டிவிட்டேன். இரண்டு மீனும் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தன. குழி தோண்டிக் கொட்டினோம். ஆண்டவரே.

10-5-1992

யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. "கம்மா பூரா மருந்தோ என்னமோ, எவன் கண்டான்?" என்கிறார் நாட்டாமை இருளப்பசாமி. என் வீட்டுக்காரர் பிடித்து வைத்த மீனை ராஜபாளையத்திலும் வாங்க ஆளில்லை. என்னோடு பேச்சும் இல்லை.

14-5-1992

கருத்தம்மாள் ஊர் முன்னால் சொல்லிவிட்டாள்: "அந்த நீர்நாயி இதே தண்ணியில மீன் தின்னு, குட்டியோட பொழைச்சுக் கெடந்தா நாங்களும் எறங்குதோம்."

இவர் காலையும் மாலையும் கரையிலேயே கிடக்கிறார். நீர்நாய்களைக் காணவே காணோம். செத்துத் தொலைந்திருந்தால்? இவரைத் தவிர யாரைத் திட்டுவேன் நான்?

17-5-1992

காலையில் போனால் கரையில் பாதி ஊர் நிற்கிறது. முன்னால் இவர்.

நாணல் அசைந்தது. தாய் ஒரு விராலைக் கவ்விக்கொண்டு ஏறியது. குட்டிகள் ஓடிவந்து பிய்த்துத் தின்றன.

"தின்னு தாயி, நல்லாத் தின்னு."

இவர் குரல்தான்.

குட்டிகள் தின்று முடித்துத் தண்ணீருக்குள் திரும்பும் வரை எல்லோரும் நின்றோம். அதன் பிறகுதான் இருளப்பசாமி துண்டை வீசினார்.