பூஜ்யம் முறை

மார்ச் 4
கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மெஷின் அறைக்கு ஒரு நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்து மாதமாகிறது. இன்று நாங்கள் உருவாக்கிய கணினி மொழியில் எழுதிய முதல் நிரல் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நோயாளிகளோ அத்தனை சாப்பாட்டுச் சீட்டு அச்சடிக்கும். இனி மெஷினுக்கு வெறும் எண்களால் உத்தரவு எழுதிக் கண் பூத்துப்போக வேண்டாம், சொற்களிலேயே எழுதலாம். சந்தோஷப்பட வேண்டும். தூக்கம்தான் வருகிறது.

மார்ச் 9
ஆஸ்பத்திரிச் சமையலறை என் வீட்டுக்காரர் பொறுப்பில். சாப்பிடும்போது சிரித்தார். "வெள்ளையடிக்கக் காலி பண்ணின வார்டுக்கு உன் மெஷின் தினம் ஒரு சாப்பாடு அனுப்பச் சொல்லுது. பேய்க்கா?"
எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'இத்தனை முறை செய்' என்ற கட்டளையை வடிவமைத்தவள் நான். எண்ணிக்கை பூஜ்யமென்றால் ஒரு முறைகூடச் செய்யக் கூடாது. அதற்காக எத்தனை சண்டை போட்டேன்!

மார்ச் 10
கஞ்சனின் வேலைதான். மெஷினின் நினைவகத்தில் ஓர் இடம்கூட விட மனம் வராதவர், அதனால் அந்தப் பெயர். எங்கள் மொழியை மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றும் பகுதியை எழுதியவர் அவர். முதலில் செய்துவிட்டு, அப்புறம் எண்ணிக்கையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்.
"ரெண்டு இடம் மிச்சம்மா. பூஜ்யம் தடவை செய்யின்னு எவன் கேப்பான்?"
காலி வார்டு கேட்கும், ஐயா.

மார்ச் 11
தலைவலி.

மார்ச் 23
கஞ்சனின் பகுதியைத் திருத்திவிட்டேன். மெஷினுக்குள் செலுத்தத் துளை அட்டைகள் தயார். எங்கள் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். அதற்குள் வேறு சில அலுவலகங்களும் எங்கள் மொழியில் எழுதத் தொடங்கி, 'ஒரு முறையாவது ஓடும்' என்பதை நம்பியே எழுதிவிட்டார்களாம். மாற்றினால் எல்லாம் படுத்துவிடுமாம்.
"தப்பு தப்புதாம்மா, இல்லேங்கல. ஆனா பழகிட்டாங்களே."
பழகிட்டா, ஒண்ணுமில்லாதது ஒண்ணாயிடுமா? கத்தணும்போல இருந்துது. தலையாட்டிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்?

மார்ச் 24
அந்தச் சாப்பாட்டை வார்டு கூட்டுகிற அம்மா சாப்பிடுகிறாராம். "அதை மட்டும் நிறுத்திடாதே" என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி.

ஜூன் 2
விளக்கப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்த வரியை எழுதும் வேலை என் தலையில்தான் விடிந்தது. "எண்ணிக்கை எதுவானாலும், கட்டளை குறைந்தது ஒரு முறை நிறைவேற்றப்படும்." எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஏன் அப்படி என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன்.
"பக்கம் கூடிடும்" என்றார் கஞ்சன்.
சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 17
வேறொரு நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் தொலைபேசினார். தங்கள் மெஷினுக்கும் எங்கள் மொழியைக் கொண்டுபோகிறார்களாம்.
"மேடம், பூஜ்யம்னா ஒண்ணும் செய்யாம விடற மாதிரிதான் முதல்ல பண்ணியிருந்தோம். அப்புறம்தான் உங்க புத்தகத்தைப் பார்த்தோம். ஒரு மாசம் மாரடிச்சு எல்லாத்தையும் திருத்திட்டோம். இப்ப அச்சு அசலா உங்களுது மாதிரியே ஓடுது!"
சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேனென்று காத்திருந்தார்.
"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றேன்.